வரம்னு சொன்ன சீக்கு

எனக்கு வலிப்பு கிடையாது. இதை முதல்லயே சொல்லிப்போடுறேன். ஏன்னா எங்க ஊர்ல பாதிப் பேருக்கு நான் இன்னும் வலிப்புக்காரிதான். பால் வாங்கப் போனாக்கூட, "பாத்துப் போ மக்கா, கால்வாய் ஓரமா நடக்காத"ன்னு சொல்லுவாங்க. நல்ல மனசோடதான் சொல்லுவாங்க. அந்த நல்ல மனசுதான் என்னைக் கொஞ்ச வருஷம் வீட்டுக்குள்ளயே போட்டு அடைச்சது.

என் பேரு பகவதி. பூதப்பாண்டிக்குப் பக்கத்துல ஒரு வயக்காட்டு ஊரு. என் வீட்டுக்காரர் ஓமன்ல ஏசி மெக்கானிக், ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வருவாங்க. வீட்டுல நானும் அவங்க அம்மாவும் மட்டும்தான். அவங்களை நான் அத்தைன்னு கூப்பிடுவேன். எங்களுக்கு ஒரே மக, தர்ஷினி. அவ கோட்டாறுல மைனி வீட்டுல வளந்தா. மைனின்னா என் வீட்டுக்காரருக்கு அக்கா. வலிப்பு வார அம்மைகிட்ட பிள்ளைய விடக்கூடாதுன்னு அங்க கொண்டு போனாங்க. இந்தச் சீக்குல வேற எது போயிருந்தாலும் போகட்டும்னு விட்டிருப்பேன். அவளைத் திருப்பிக் கொண்டு வரணும்னுதான் ஒவ்வொரு மாத்திரையையும் முழுங்கினேன்.

அவ பிறந்த அன்னைக்கே இந்தச் சீக்கும் பிறந்திருக்கு. அப்போ அது ஒருத்தருக்கும் தெரியாது. பிரசவத்துல எனக்கு ரத்தம் நிக்கவே இல்ல. கட்டில்ல இருந்து தரையில சொட்டுற சத்தம் கேட்டது. யாரோ குழாயைச் சரியா அடைக்கலன்னு நினைச்சேன். அது என் ரத்தம்னு அப்புறம்தான் சொன்னாங்க. ரத்தம் ஏத்தினாங்க, பிழைச்சுக்கிட்டேன். பகவதி மறுபிறவி எடுத்துட்டான்னு எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க. நானும்தான்.

ஆனா பால் வரல. ஒரு சொட்டுக்கூட வரல. அத்தை பூண்டை வேகவச்சுத் தந்தாங்க. குளச்சல்ல இருந்து பால்சுறா வரவழைச்சுப் புட்டு பண்ணித் தந்தாங்க. தின்னு தின்னு என் வயிறு கெட்டதுதான் மிச்சம். பிள்ளை பால்பவுடர்ல வளந்தா. சில பேருக்கு அப்படித்தான்னு அக்கம்பக்கத்துல சொன்னாங்க. அதுக்கப்புறம் மாசக்குளியும் வரல. முதல்ல அத்தைக்கு அடுத்த பிள்ளையோன்னு ஒரு ஆசை. அது இல்லன்னு ஆனதும் பேசாம விட்டுட்டாங்க.

இதை ஏன் ஒருத்தரும் சீக்குன்னு நினைக்கலன்னு நீங்க கேக்கலாம். அதுக்கு எங்க பக்கத்து வழக்கத்தைச் சொல்லணும். மண்டைக்காட்டு அம்மனுக்கு எங்க தெருப் பெண்கள் மாலை போட்டு, நாப்பத்தோரு நாள் விரதம் இருந்து, மாசிக் கொடைத் திருவிழாவுக்கு இருமுடி கெட்டித் தலையில சுமந்துட்டுப் போவோம். நடுவுல ஒருத்தி தூரமாயிட்டா ஒதுங்கி இருக்கணும், குளிச்சு மறுபடியும் தொடங்கணும். அதனால விரதம் எடுக்கக் கூடும்போது ஒவ்வொருத்தியும் விரலை மடக்கி நாள் எண்ணிட்டு நிப்பா. எனக்கு எண்ண ஒண்ணுமே இல்ல. எங்க கூட்டத்தை நடத்துற ரெத்தினக்கா என்னைப் பாத்து, "உனக்கென்னட்டி, குடுத்து வச்சவ. பேரே பகவதி. அவளே உன்னைத் தீட்டில்லாம வச்சிருக்கா"ன்னு சொல்லி, முதல் கெட்டு எனக்குத்தான் கெட்டுவாங்க. கோயில்ல விளக்கு வைக்க, பொங்கல் பானை இறக்க, மண்டையப்பத்துக்கு மாவு இடிக்க, எல்லாத்துக்கும் நான்தான். மண்டையப்பம்னா பச்சரிசி மாவும் சர்க்கரையும் சேர்த்துத் தலை மாதிரி உருட்டி வேகவைக்கிறது. தலைவலி, தலைச்சுத்து உள்ளவங்க அம்மனுக்கு நேர்ந்து படைப்பாங்க. எந்த நாள்ல எந்த வேலை வந்தாலும் என்கிட்ட கேக்காமலே என் பேரைச் சேர்த்துடுவாங்க. சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் அது பெருமையாத்தான் இருந்தது.

பெருமை அந்தப் பக்கம் இருக்க, உடம்பு இந்தப் பக்கம் தேஞ்சுட்டே வந்தது. சித்திரை வெயில்லயும் குளிரும். அத்தை ஃபேனைப் போடுவாங்க, நான் அணைப்பேன், எங்க வீட்டுல மாமியார் மருமக சண்டையே அந்த ஃபேனுக்குத்தான். தலைமுடி கொட்டிச்சு. புருவம் பாதியாச்சு. அக்குள்ல முடியே இல்லாம போச்சு. முகம் வெளுத்தது, அதுக்கும் "கலர் வச்சுட்டாளே"ன்னு ஒரு பேச்சு. ரெண்டு துணி துவைச்சா ஒரு தரம் உக்காரணும். ஒருக்கா தைராய்டுக்கு ரத்தம் எடுத்துப் பாத்தாங்க, நார்மல்னு வந்தது. அப்புறம் என்ன, பகவதி சோம்பேறின்னு முடிவாயிட்டுது.

தர்ஷினி எல்கேஜி படிக்கும்போதுதான் முதல் தரம் விழுந்தேன். விழுந்த இடம் மண்டைக்காடு. விரதத்துல ஒரு நேரம்தான் சோறு, கடைசி வாரம் அதுலயும் உப்பு கிடையாது. கொடை அன்னைக்குக் காலையில இருந்து வெறும் பச்சத்தண்ணி. இருமுடியோட வரிசையில நிக்கிறேன். எல்லாருக்கும் வேர்த்து ஒழுகுது, எனக்கு மட்டும் நடுக்கம். தலைக்குள்ள ஒரு இரைச்சல் கேட்டது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான், மிச்சம் ரெத்தினக்கா சொன்னது. நான் கெட்டோட நின்னு ஆடினேனாம். அம்மன் வந்துட்டான்னு கூட்டம் குலவை போட்டுச்சாம். ஒருத்தி முன்னால வந்து, மக கல்யாணம் எப்ப நடக்கும்னு என்கிட்ட குறி கேட்டாளாம். அதுக்குள்ள நான் மணல்ல விழுந்து, கண்ணு மேல செருகி, வாயில நுரை தள்ளியிருக்கு. "அம்மனும் இல்ல ஒண்ணும் இல்ல, இது காக்கா வலிப்பு"ன்னு யாரோ சொல்ல, பக்கத்துல நின்ன கடைக்காரர் தன் சாவிக்கொத்தை எடுத்து என் கையில திணிச்சாராம். இரும்பைக் கையில குடுத்தா வலிப்பு நிக்கும்னு எங்க பக்கத்துல எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை. ஒரு குலவை முடியறதுக்குள்ள நான் சாமியா இருந்து வலிப்புக்காரியா இறங்கிட்டேன்.

நாகர்கோவில்ல ஒரு நரம்பு டாக்டரைப் பாத்தோம். தலை பூரா பசை தடவி வயர் ஒட்டி, மூளையில ஓடுற மின்சாரத்தைப் படமா எடுத்தாங்க. கொஞ்சம் மாற்றம் தெரியுதுன்னு சொன்னாங்க. தலையை ஸ்கேன் எடுத்தாங்க, அதுல ஒண்ணும் இல்ல. வலிப்பு மாத்திரை எழுதித் தந்தாரு. அவரைக் குத்தம் சொல்ல நான் இதை எழுதல. நான் விழுந்ததைப் பாக்க ஒரு திருவிழாக் கூட்டமே இருந்தது, அதைத்தான் போய்ச் சொன்னோம். பிரசவத்தைப் பத்தி அவரும் கேக்கல, நாங்களும் சொல்லல. தலையில வந்த சீக்குக்கும் பிள்ளைப்பேறுக்கும் என்ன சம்மந்தம் இருக்கும்னு யாருக்குத் தோணும்?

அத்தை விடல. வலிப்பு மாறணும்னு மறு வருஷமும் நான் விரதம் இருக்கிறதா நேர்ந்துட்டாங்க, கூடவே மண்டையப்பமும். இருந்தேன். பாதி விரதத்துலயே விழுந்தேன். பக்தி பத்தலன்னு சொல்லி வெள்ளி செவ்வாயும் பட்டினி இருந்தேன். அந்த நாள்கள்ல விழுந்தேன். டாக்டர் மாத்திரையைக் கூட்டினாரு, அதுக்கப்புறம் இன்னும் அதிகமா விழுந்தேன். இப்போ நினைச்சா ஒருபக்கம் சிரிப்பு வருது, ஒருபக்கம் பல்லைக் கடிக்கத் தோணுது. வலிப்பு நிக்கணும்னு பட்டினி, பட்டினியால வலிப்பு, அதை நிறுத்த இன்னும் பட்டினி.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில அடுக்களையில விழுந்தேன். தர்ஷினிக்கு அப்போ யூகேஜி, பள்ளிக்கூட உடுப்புப் போட்டு நின்னுட்டிருந்தா. கிரைண்டர் முனையில அடிச்சு என் புருவம் கிழிஞ்சு ஒரே ரத்தம். அத்தை என் தலையை மடியில பிடிச்சுட்டு, "ஏட்டி, அலமாரித் தாக்கோலை எடுத்துட்டு ஓடி வா"ன்னு பிள்ளைகிட்ட கத்தியிருக்காங்க. தாக்கோல்னா சாவி. அவ தேடியிருக்கா. அன்னைக்குன்னு பாத்து நான் அதை அரிசிப் பானைக்குள்ள போட்டு வச்சிருந்தேன். "எங்கட்டி? ஒரு தாக்கோல் எடுக்கத் தெரியாதா உனக்கு?"ன்னு அத்தை சத்தம் போட்டிருக்காங்க. பக்கத்து வீட்டுல இருந்து ஆள் வந்து என்னைத் தூக்கினாங்க. தையல் போட்டுத் திரும்பி வந்து கையை நீட்டினேன். பிள்ளை வாசப்படியிலயே நின்னா, கிட்ட வரல.

அந்த வாரமே மைனி வந்தாங்க. மைனி கெட்டவங்க இல்ல, அவங்களுக்கும் ரெண்டு பசங்க உண்டு.

"பகவதி, நான் பிள்ளைய உன்கிட்ட இருந்து பறிச்சுட்டுப் போகல கேட்டியா. அடுப்பு இருக்கு, கிணறு இருக்கு. உனக்கு எப்ப என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்? மாறினதும் கொண்டு விட்டுருவேன்."

"எப்ப மாறும் மைனி?"

மைனி தர்ஷினி உடுப்பை மடக்கிப் பையில வச்சாங்க. நான் வேண்டாம்னு சொல்லல. என்னை நானே நம்பாத நேரம் அது.

ஞாயித்துக்கிழமை தோறும் அத்தை துணைக்கு வர, கோட்டாறுக்குப் போவேன். தர்ஷினி பாடம் ஒப்பிப்பா, டான்ஸ் ஆடிக் காட்டுவா. எல்லாம் மூணடி தள்ளி நின்னுதான். மடியில உக்காருன்னா, "வேண்டாம்மா"ன்னு மைனி பின்னால போய் நிப்பா. என்னைக் கண்டு பயப்படுறான்னு நினைச்சேன். பெத்த பிள்ளை நம்மளைக் கண்டு பயப்படுறதுன்னா என்னன்னு அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும். திரும்பி வரும்போது பஸ்ல ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்குவேன்.

போன்ல மட்டும் ஒண்ணு கேப்பா. "அம்மா, அலமாரித் தாக்கோல் எங்க இருக்கு?" ஒவ்வொரு தடவையும் கேப்பா. அவ அப்பா அனுப்பின கலர் பென்சில் பெட்டி அந்த அலமாரியிலதான் இருந்தது. அதுக்குத்தான் கேக்குறான்னு நான் சிரிச்சுட்டு, "இங்கதான் இருக்கு மக்ளே, நீ வா, திறந்து தாறேன்"னு சொல்லுவேன். அவ போனை வச்சுருவா.

இப்படியே போயிட்டிருந்தா இன்னைக்கு இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். போன தை மாசம் மறுபடியும் மாலை போட்டேன். விரதத்துக்கு நடுவுல வயித்தால போச்சு, கூடவே வாந்தி. மூணாவது நாள் எழும்பவே இல்ல. ஆம்புலன்ஸ்ல பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. வழியில ரெண்டு தரம் வலிச்சதாம்.

கண்ணு முழிச்சப்போ கையில டிரிப், மூக்குல குழாய், பக்கத்துல அத்தை. கழுத்துல துளசி மாலை இல்ல, கழட்டி அத்தை மடியில வச்சிருந்தாங்க. ரத்தத்துல உப்பு ரொம்பக் குறைஞ்சு போச்சாம். நம்ம ரத்தத்துல உப்பு ஒரு அளவுல இருக்கணும், அது இறங்கினா மூளை வீங்கும், வீங்கினா வலிப்பு வரும். சர்க்கரையும் இறங்கியிருந்தது. உப்பு ஏத்துறதையும் சொட்டுச் சொட்டாத்தான் ஏத்துவாங்க, அவசரப்பட்டா அதுவே மூளைக்கு ஆபத்தாம். அந்தச் சொட்டைப் பாத்துட்டே கிடந்தேன். வேற பாக்க என்ன இருக்கு?

மறுநாள் ரவுண்ட்ஸ்ல ஒரு டாக்டரம்மா வந்தாங்க. கண்ணாடி போட்டு, என் வயசுதான் இருக்கும். கேஸ் ஷீட்டைப் பாத்தாங்க, வலிப்பு மாத்திரை அட்டையைப் பாத்தாங்க. அப்புறம் என் முகத்தைப் பாத்துட்டே நின்னாங்க. புருவத்தைத் தடவினாங்க, கையைத் தூக்கச் சொல்லி அக்குளைப் பாத்தாங்க. எனக்கு வெக்கமா போச்சு.

"பிள்ளை இருக்கா?"

"ஒரு மக உண்டு."

"அவளுக்குப் பால் குடுத்தீங்களா?"

தலையில வந்த சீக்குக்கு இதென்ன கேள்வின்னு நினைச்சேன். "வரல டாக்டர்"னு சொன்னேன்.

"பிரசவத்துல ரத்தம் நிறைய போச்சா?"

அத்தை முந்திக்கிட்டாங்க. "ஐயோ, பெரிய கண்டம் டாக்டர். பிழைச்சதே அம்மன் புண்ணியம்."

"மாசக்குளி எப்ப கடைசியா வந்தது?"

அத்தை நிமிந்து உக்காந்தாங்க. "இவளுக்கு அதெல்லாம் கிடையாது டாக்டர். பிள்ளை பெத்ததுல இருந்தே இல்ல. அம்மன் குடுத்த வரமாக்கும். எங்க கூட்டத்துல எல்லா வருஷமும் முதல் கெட்டு இவளுக்குத்தான்."

டாக்டரம்மா அத்தையைப் பாத்தாங்க, திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டல. சிஸ்டரைக் கூப்பிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னாங்க. எடுத்த உடனே, ரிசல்ட் வரவரைக்கும் காத்திருக்காம, ஒரு ஊசியும் போடச் சொன்னாங்க. அத்தைகிட்ட மெதுவா, "நல்லவேளை சொன்னீங்க"ன்னு மட்டும் சொன்னாங்க. பாவம் அத்தை, வரத்தைப் புகழ்ந்துட்டாங்கன்னு சந்தோஷப்பட்டாங்க.

அப்புறம் அவங்க எனக்குப் படம் வரைஞ்சு சொன்னதை அப்படியே சொல்றேன். மூளைக்கு அடியில, மூக்குக்கு நேர் பின்னால, பயறு அளவுல ஒரு சுரப்பி இருக்கு. பேரு பிட்யூட்டரி. உடம்புல உள்ள மத்த சுரப்பிகளுக்கெல்லாம் அதுதான் மேஸ்திரி. பால் சுரக்கச் சொல்றதும் அது, மாசக்குளியை வரவைக்கிறதும் அது, தைராய்டை வேலை வாங்குறதும் அது. இடுப்புக்கு மேல கிட்னி தலையில ஒரு சுரப்பி உக்காந்திருக்கு, கஷ்டகாலத்துல உடம்பைத் தாங்குற ஹார்மோனை அது தரும், அதுக்கும் உத்தரவு இங்க இருந்துதான் போகணும். பிள்ளைப்பேறு சமயத்துல இந்தப் பயறு கொஞ்சம் பெருசாகும், அதுக்கு ரத்தம் கூடுதலா வேணும். எனக்கு ரத்தம் தரையில போயிட்டுது. ரத்தம் கிடைக்காம அது பட்டுப்போச்சு. மேஸ்திரி இல்லாத வேலை மாதிரி மத்ததெல்லாம் ஒவ்வொண்ணா நின்னுட்டுது. முன்ன எடுத்த தைராய்டு டெஸ்ட்ல உத்தரவை மட்டும்தான் பாத்திருக்காங்க, தைராய்டு சுரக்குறதைப் பாக்கல, அதான் நார்மல். கஷ்டகாலத்துல தாங்குற அந்த ஹார்மோன் இல்லாத உடம்புல உப்பும் நிக்காது, சர்க்கரையும் நிக்காது. அதோட பட்டினி கிடந்தா விழாம என்ன செய்யும்?

"வலிப்பு மாத்திரை டாக்டர்?"ன்னு கேட்டேன்.

"அது வலிப்பு நோய் உள்ளவங்களுக்கு நல்ல மாத்திரை. ஆனா சில பேருக்கு ரத்தத்துல உப்பைக் குறைக்கும். உங்களுக்கு முதல்லயே குறைவு." என் கையைப் பிடிச்சாங்க. "உங்களுக்கு வலிப்பு நோய் இல்லம்மா."

நான் அழுவேன்னு அவங்க நினைச்சிருப்பாங்க. எனக்கு ஒரே ஒரு கேள்விதான் வந்தது. "அப்ப என் மக என்கூட இருக்கலாமா?" "பின்ன? தாராளமா"ன்னு சொன்னாங்க. அதுக்குப் பிறகுதான் அழுதேன்.

ஊசி போட்ட மறுநாள் காலையில எனக்குப் பசிச்சது. இதைப் படிக்கிறவங்களுக்கு இது ஒரு பெரிய விஷயமா தெரியாது. பசின்னா என்னன்னே மறந்து போயிருந்தேன். புட்டும் பயறும் பப்படமும் வேணும்னு கேட்டேன். அத்தை கேன்டீனுக்கு ஓடினாங்க. தின்னு முடிச்சு, "கொஞ்சம் ஃபேனைக் கூட்டிப் போடுங்க அத்தை, புழுக்கமா இருக்கு"ன்னு சொன்னேன். அத்தை கையைத் தாடையில வச்சு என்னையே பாத்துட்டு இருந்தாங்க.

ஆனா உடம்பு தேறத் தேற ஆஸ்பத்திரி இன்னும் தனிமையா போச்சு. மயக்கத்துல கிடக்கும்போது ஒண்ணும் தெரியாது. அத்தைக்கு இடுப்பு வலி, ராத்திரி அவங்களை வீட்டுக்கு அனுப்பிட்டேன். சாயங்காலம் பாக்க வாற நேரத்துல எல்லாக் கட்டிலையும் சுத்தி ஆள் நிப்பாங்க. எதிர்க்கட்டில்ல கீரிப்பாறை ரப்பர் எஸ்டேட்ல பால் வெட்டுற லில்லியக்கா, எலிக்காய்ச்சல்னு படுத்திருந்தாங்க. அவங்க புருஷன் எஸ்டேட் பஸ்ஸைப் பிடிச்சுக் கஞ்சி கொண்டு வருவாரு, கட்டில்ல உக்காந்து அவங்களுக்குத் தலை சீவி விடுவாரு. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்குவேன். "ஏன் மக்கா அங்கோட்டு திரும்புத? இந்தக் கஞ்சியில கொஞ்சம் குடி"ன்னு லில்லியக்கா ஒரு கிண்ணத்தை நீட்டுவாங்க. குடிப்பேன்.

என் வீட்டுக்காரர் வீடியோ கால்ல வருவாங்க. டவர் கிடைக்காம முகம் பாதியில நின்னு போகும், வாய் மட்டும் அசையும். ஒருநாள் சத்தம் மட்டும் தெளிவா வந்தது, அப்போ அவங்க அழுதுட்டு இருந்தாங்க. மைனி தினமும் மத்தியானம் சோறு குடுத்து விடுவாங்க, நாரத்தங்காய் ஊறுகாய் தனியா ஒரு டப்பாவுல. உப்பு சேக்கணும்னு டாக்டர் சொன்னதைக் கேட்டு அதைச் செஞ்சாங்க. ஆனா தர்ஷினியை அனுப்பல. சின்னப் பிள்ளைக்கு ஆஸ்பத்திரி ஆகாதுன்னு சொன்னாங்க. நியாயம்தான். ஆனாலும் வார்டு வாசல்ல ஒரு பிள்ளை செருப்புச் சத்தம் கேட்டா தலையைத் தூக்கிப் பாப்பேன்.

எம்ஆர்ஐ எடுத்தாங்க. ஒரு குழாய்க்குள்ள படுக்க வச்சு, டமடமன்னு ஆசாரி தகரம் அடிக்கிற சத்தம். அசையக்கூடாது. பயறு இருக்க வேண்டிய குழி காலியா இருக்குன்னு படத்துல தெரிஞ்சது. ரத்த ரிசல்ட்டும் அதையேதான் சொன்னது. டாக்டரம்மா முதல்ல ஊசியில போட்ட அதே ஹார்மோனை ஸ்டீராய்டு மாத்திரையா எழுதினாங்க, அது பிடிச்ச பிறகு தைராய்டுக்கு ஒண்ணு. ஸ்டீராய்டுன்னதும் அத்தை பதறினாங்க. "அது ஊதிப் போகும்லா டாக்டர்?" "கூடுதலா குடுத்தாத்தான் ஊதும்மா. இது உடம்புல இல்லாததை வைக்கிறது. சோத்துக்கு உப்பு போடுற மாதிரி." காலையில எழும்பின உடனே ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, ஆயுசு பூரா. காய்ச்சல் வந்தா ரெட்டிப்பாக்கணும், வாந்தி வந்தா உடனே ஆஸ்பத்திரிக்கு வரணும். ஒரு நாள்கூட விடக்கூடாதுன்னு அத்தைகிட்ட சத்தியம் வாங்காத குறையா சொன்னாங்க. வலிப்பு மாத்திரையை அவங்களே கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்தினாங்க. யாரும் இதைப் படிச்சுட்டு நீங்களா நிறுத்திப்போடாதீங்க.

எலும்பு நல்லா இருக்கணும்னு மாசக்குளி வரவும் மாத்திரை தந்தாங்க. வந்தது. அத்தைகிட்ட, "அத்தை, நான் தூரம்"னு சொன்னேன். அவங்க பூஜை அறைக் கதவைச் சாத்திட்டு வந்து, சேலைத் தலைப்புல கண்ணைத் துடைச்சாங்க. வரம் போச்சேன்னோ, மருமக பிழைச்சாளேன்னோ, எதுக்குன்னு நான் கேக்கல. ரெத்தினக்கா விஷயம் கேள்விப்பட்டு வந்து, "இனி முதல் கெட்டு யாருக்குக் கெட்டுறது?"ன்னு கவலைப்பட்டாங்க. "எவளுக்கும் கெட்டுங்கக்கா. பிள்ளை பெத்து, பால் வராம, குளியும் வராம, அசந்து அசந்து உக்காருற எவளையாவது கண்டா மட்டும் மாலை போடாதீங்க, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க"ன்னு சொன்னேன். கொஞ்சம் சத்தமாத்தான் சொன்னேன்.

உடனே பிள்ளையைத் தரல. கொஞ்ச நாள் பாப்போம்னு மைனி சொன்னாங்க, ஓமன்ல இருந்தும் அதையே சொன்னாங்க. பாத்தாங்க. மாசங்கள் போச்சு, நான் விழல. நான் தனியா பஸ் ஏறிக் கோட்டாறுக்குப் போய் இறங்கின அன்னைக்கு மைனி வாசல்ல நின்னு என்னை மேலும் கீழும் பாத்தாங்க. முழுப்பரீட்சை முடிஞ்சதும் அவங்களே தர்ஷினியைக் கூட்டிட்டு வந்தாங்க. "சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டேன் பகவதி"ன்னு சொல்லிட்டு, பிள்ளையோட பையை விடாம கையிலயே பிடிச்சிருந்தாங்க. பிள்ளைய வளத்தது அவங்கல்லா.

தர்ஷினி வந்தா. ஆனா மூணடி தள்ளித்தான் நின்னா. பாய் விரிச்சா ஓரத்துல படுத்தா. கலர் பென்சில் பெட்டியை எடுத்துக் குடுத்தேன், ஒரு பார்வை பாத்துட்டுக் கீழ வச்சுட்டா. பிள்ளை வந்துட்டா, ஆனா எனக்கு இன்னும் கிடைக்கலன்னு நினைச்சுட்டே படுத்தேன்.

விடிஞ்சதும் மாத்திரை எடுக்க அலமாரிக்குப் போறேன், சாவியைக் காணோம். ராத்திரி பூட்டுல தொங்கிட்டு இருந்தது. அரிசிப் பானையில தேடினேன், சாமி படத்துக்குப் பின்னால தேடினேன். அத்தை எழும்பி வந்து வழக்கம்போல சத்தம் போட்டாங்க. "அலமாரித் தாக்கோல் எங்க? மாத்திரை போடாண்டாமா அவ? யாரு எடுத்தா?"

தர்ஷினி விருட்டுன்னு எழும்பி உக்காந்தா. முகம் வெளுத்துப் போச்சு. "நான் தொலைச்சுக் களையல. கையிலதான் வச்சிருக்கேன்." வலது கையை நீட்டி விரலை விரிச்சா. சாவி. ராத்திரி பூரா பிடிச்ச பிடியில உள்ளங்கையில அதோட அச்சு அப்படியே விழுந்து கிடந்தது.

"என்னத்துக்கு மக்ளே?"

"நீ விழுந்தா தாறதுக்கு. அன்னைக்கு எனக்குக் கிட்டலல்லா. அதான உனக்கு ரத்தம் வந்தது."

நான் அப்படியே தரையில உக்காந்துட்டேன். போன்ல எத்தனை தரம் கேட்டா. நான் பென்சிலுக்குன்னு நினைச்சுச் சிரிச்சேன். அவ என்னைக் கண்டு பயப்படல. தன்னால அம்மைக்கு ஆகிப்போச்சுன்னு பயந்து, கையில சாவி இல்லாம என் பக்கத்துல வர மாட்டாம நின்னிருக்கா. அத்தை சுவத்தைப் பிடிச்சுட்டு நின்னாங்க.

"இங்க பாரு. சாவிக்கும் வலிப்புக்கும் ஒரு சம்மந்தமும் கிடையாது. யாரு விழுந்தாலும் ஒருச்சாய்ச்சுப் படுக்க வைக்கணும், பெரியவங்களைக் கூப்பிடணும், அவ்வளவுதான்."

அவ யோசிச்சா. "அன்னைக்கு நான் எடுத்துத் தந்திருந்தாலும் உனக்கு வலிச்சிருக்குமா?"

"வலிச்சுத்தான் இருக்கும் மக்ளே."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அதுக்கப்புறம் அவ அழுதா பாருங்க, இவ்வளவு நாளும் அழாம வச்சிருந்ததையெல்லாம் என் மடியில படுத்து அழுதா. அழுது முடிச்சு, மூக்கை என் சேலையில துடைச்சுட்டு, எழும்பிப் போய் அலமாரியைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்துட்டு வந்தா.

இப்போ காலையில மாத்திரை எடுத்துத் தாறது அவ வேலைதான். சாவி அலமாரிப் பூட்டுலயே தொங்குது. ராத்திரியில அதை யாரும் எடுக்கிறதில்ல.